தோற்றவர் பக்கத்து நியாயம்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், தேவாலயமும் கிராம மண்டபமும் ஒரு 'பப்'பும் தவிர வேறு பெரிய கட்டடம் இல்லாத ஒரு பாரிஷில் (கிராம நிர்வாகப் பிரிவில்), அதன் கவுன்சிலுக்குச் செயலராக நெடுங்காலமாக ஊழியம் செய்து வருகிறேன். சபை கூடும்போது நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும், பின்னர் அதே விஷயங்களைக் கிராமத்து மாதப் பத்திரிகைக்குச் செய்தியாக எழுதித் தருவதும் என் கடமைகள். ஒரே காரியத்தின் இரு பிரதிகள் போலத் தோன்றும் இவை, எழுதுகிற கையிடம் முற்றிலும் வேறான சிரத்தையைக் கேட்கின்றன.

1894-ஆம் ஆண்டுச் சட்டம், அதுவரை தேவாலயத்தைச் சார்ந்த வெஸ்ட்ரி சபையிடமிருந்த லௌகிக காரியங்களைப் பிரித்து, வாக்காளர் தேர்ந்தெடுக்கும் பாரிஷ் கவுன்சிலிடம் ஒப்புவித்தது. அதன் அதிகாரம் சிறிது. சாலைகள் கவுண்ட்டி கவுன்சிலைச் சேர்ந்தவை. வீடு கட்ட அனுமதி கொடுப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். அவ்விஷயத்தில் எங்களுக்குள்ளது அபிப்பிராயம் சொல்லும் உரிமை மட்டுமே. எனவே, சாலைப் பள்ளம் பற்றிச் சபை கவலை தெரிவித்தது என்று எழுதி நிறுத்துவேனாகில், படிப்பவர் நாங்களே அதை மூடுவோமென நம்பிக் காத்திருப்பார். பள்ளம் எந்த வளைவில் இருக்கிறது, யாருக்கு எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தால்தான் அது செய்தியாகும்.

நடவடிக்கைக் குறிப்பில் இருக்க வேண்டியது தீர்மானம். வாதப் பிரதிவாதம் அன்று. அடுத்த கூட்டத்தில் தலைவர் கையொப்பமிட்டதும் அது சபையின் செயலுக்குச் சாட்சியாகிவிடுவதால், அங்கே சுருக்கமே தர்மம். ஆனால், கூட்டத்துக்கு மூன்று முழு நாட்கள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் நிகழ்ச்சி நிரலை ஒட்டினாலும் வந்து அமர்வோர் மிகச் சிலரே. வராத பலருக்கு, என்ன முடிவாயிற்று என்பதோடு, ஏன் அவ்வாறு முடிவாயிற்று என்பதும், அதை மறுத்தவர் ஏன் மறுத்தார் என்பதும் தெரிய வேண்டும்.

கவுன்சிலுக்குச் சொந்தமான தெருவிளக்குகளை நள்ளிரவுக்கு முன்பே அணைத்துவிடலாமா என்ற விவாதம் இதை எனக்கு நன்கு உணர்த்திற்று. மின்சாரச் செலவு குறையும் என்றார் ஒருவர். படுக்கையறை ஜன்னலில் வெளிச்சம் விழுந்து உறக்கம் கெடுகிறது என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துக் கடைசி பஸ்ஸில் வந்திறங்கும் ஒரு தாதியோ, நடைபாதை இல்லாத அந்தச் சாலையோரத்தில் வண்டி வருவதைத் தாம் காண்பது பெரிதல்ல, வண்டியோட்டி தம்மைக் காண வேண்டுமே என்றார். அணைப்பதென்றே பெரும்பான்மையோர் கைதூக்கினர். 'சிலர் ஆட்சேபித்தனர்' என்ற ஒற்றை வாக்கியத்தால் அந்தத் தாதியின் நியாயத்தை மூடிவிடுவது சுலபம், அதில் பொய்யுமில்லை. எனினும், தோற்ற தரப்பினர் படிக்கும்போது, தாம் கருதியதைத் தாமே சொல்லியிருந்தால் எவ்வாறு சொல்லியிருப்பாரோ அவ்வாறே அது எழுதப்பட்டிருப்பதைக் காண வேண்டும் என்பதே இத்தொழிலில் நான் கைக்கொண்ட நியதி. பத்திரிகையைப் படித்த மறுநாள் காலையிலேயே தபால் நிலைய வரிசையில் அவரும் நானும் அடுத்தடுத்து நிற்கிற ஊர் இது. ஆயினும் அந்த நியதிக்குக் காரணம் முகதாட்சணியம் அல்ல. நிராகரிக்கப்பட்ட காரணம், நிராகரிக்கப்பட்டதாலேயே பொய்யாகிவிடுவதில்லை. அது எழுத்தில் நின்றால்தான் ஊர் அதை மறுபடியும் எடுத்து எண்ணிப் பார்க்க முடியும். ஆகவே, வண்டியோட்டியின் கண்ணைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

மார்ச் முதல் தேதிக்கும் ஜூன் முதல் தேதிக்கும் இடையே ஆண்டுதோறும் கூடும் பாரிஷ் கூட்டம், கவுன்சிலுடையதன்று, வாக்காளர்களுடையது. அடுத்து வந்த அக்கூட்டத்தில் எழுந்து, பஸ் நிறுத்தத்து விளக்கை மட்டுமாவது எரியவிடலாமே என்று பேசியவர், முன்பு ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி முறையிட்டவரே. அக்கூட்டத்தின் முடிவு கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது என்றாலும், கவுன்சில் அதைப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டது. ஜனவரியில் வரித்தொகையை நிர்ணயித்தபோது அந்த ஒரு விளக்கின் செலவும் அதில் சேர்ந்தது.