சாமான் விலையும் கைக்கூலியும்



கம்ப்யூட்டர் என்றால் புதுசுக்குத்தான் மவுசு என்று நினைக்கிறோம். ஆனால் நாற்பது வருடப் பழசுக்கும் ரசிகர்கள் உண்டு. 1982-இல் இங்கிலாந்தில் சின்கிளேர் நிறுவனம் வெளியிட்ட இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் அப்படிப்பட்டது. இசட்-80 பிராசஸர், 48 கே மெமரி, டி.வி.தான் திரை. விளையாட்டுக்குப் பேர் போனது; ஆனால் ஜாய்ஸ்டிக் செருக இடமே கிடையாது! அதற்காக வந்ததுதான் கெம்ப்ஸ்டன் இன்டர்ஃபேஸ். இன்றும் அதை வீட்டு மேஜையில் கையாலேயே செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் ஒருவரின் ஸ்பெக்ட்ரத்தில் சோதித்துப் பார்த்து நானும் ஆறு செய்தேன்.

சர்க்யூட் சுலபம். பிராசஸர் 31-ஆம் போர்ட்டைப் படிக்கும்போது நான்கு திசைக்கும் ஃபயர் பட்டனுக்குமாக ஐந்து பிட் கொடுத்தால் போதும். கஷ்டமெல்லாம் கனெக்டரில்தான். வேண்டியது 56 பின்; ரிச்சி தெருவில் எனக்குக் கிடைத்தது பழைய மதர்போர்டுக்கான 62 பின் ஸ்லாட். அதை ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு, சரியான இடத்தில் கீ ஒட்டணும். 5 வோல்ட்டும் 9 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்துப் பின்கள். கீ இல்லாமல் ஒரு பின் தள்ளிச் செருகினால் 5 வோல்ட் ஐ.சி.க்கு 9 வோல்ட் பாயும். வாங்கியவரின் கம்ப்யூட்டரும் போய்விடலாம். போனால் மாற்றுவது லேசில்லை. அந்தப் பழைய இசட்-80-க்கு ஆர்டர் எடுப்பதையே ஜைலாக் நிறுவனம் 2024-இல் நிறுத்திவிட்டது. அதனால் ஒவ்வொரு பின்னையும் மல்டிமீட்டரில் பார்த்துத்தான் அனுப்புவேன். ஒன்றுக்கு நாலு மணி நேரம்.

சாமான் 380 ரூபாய், பேக்கிங், தபால் 90. விலை 850 என்றேன். நாலு விற்றது. ஐந்தாவதாகக் கேட்டவர், "சாமான் நானூறுகூட வராதே தம்பி, எதுக்கு 850?" என்றார்.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குப் புதுசில்லை. அஞ்சாவது வரை படித்த அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் என்னை பாலிடெக்னிக் அனுப்புகிறார். "துணி நாங்க குடுக்கறோம், நூலுக்கா இவ்ளோ கூலி?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். அம்மா மெஷினை நிறுத்தாமல் சொல்வார்: "துணி உங்களுது, கை என்னுதுங்க."

நானும் அவரிடம் மணிக்கணக்கை மரியாதையாகச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. பரீட்சை ஃபீஸுக்குப் பணம் தேவைதான், ஆனாலும் குறைக்கவில்லை. 850-இலேயே என் கைக்கு மணிக்கு நூறு ரூபாய்கூடத் தேறவில்லையே!

நண்பர்களே! நாளை நாமும் சம்பளம் பேசுவோம், கொட்டேஷன் எழுதுவோம். சாமான் கணக்குக்குக் கீழே கைக்கணக்கையும் கூசாமல் எழுதுவோம்!

— இறுதியாண்டு, மின்னணுவியல் பிரிவு