செவியை அடைத்துக் கேட்ட இசை

சென்ற பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த என் மகன், ஊர் திரும்பும்போது என் மேசைமேல் மூன்று சிறு பெட்டிகளை வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி இயர்போன். காதின் மேல் கவிந்து நிற்கும் பெரிய வகை அன்று. காதுத் துளைக்குள்ளேயே புகுந்து அமர்ந்துகொள்ளும் சிறிய வகை. “மூன்று மாதம் மூன்றையும் கேட்டுப் பாருங்கள் அப்பா. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எனக்கு அனுப்பிவிடுங்கள்” என்றான். விலையைக் கேட்டேன், சொல்லத் தயங்கினான். பிறகு மருமகள் சொல்லித் தெரிந்தது: மூன்றில் எளியதன் விலையே, 1988-ஆம் ஆண்டு நான் இந்நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பெற்ற ஓராண்டுச் சம்பளத்தினும் அதிகம்!

நான் சங்கீத வித்துவான் அல்லன்; மின்னியல் கற்றவனும் அல்லன். டோம்பிவிலியிலிருந்து மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்திற்கு 48 கிலோமீட்டர் தூரத்தை நாள்தோறும் இருமுறை ரயிலில் கடக்கும் ஒரு கணக்கர். அந்த ரயிலில்தான் எனக்குப் பாட்டுக் கேட்க நேரம் வாய்க்கிறது. இப்பத்திரிகையைப் படிக்கும் அன்பர்களில் பலரும் என்னைப் போன்றவர்களே ஆதலால், நான் கண்டதைச் சொல்வது பயன்படக்கூடும் என்று கருதுகிறேன். நான் சோதித்த மூன்றின் கம்பெனிப் பெயர்களை விட்டுவிடுகிறேன், சொன்னால் விளம்பரமாகிவிடும். எவ்வெவ்வகை என்பது தெரிந்தால் போதும்.

முதலாவது, வீட்டு ஒலிபெருக்கியைச் சுண்டைக்காய் அளவிற்குச் சுருக்கியது போன்றது. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். அதனோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. சுருள் அசையச் சவ்வும் அசைந்து ஒலி எழுப்பும். இரண்டாவதன் அமைப்பு வேறு. காந்தங்களுக்கு இடையே ஒரு நுண்ணிய உலோக நாக்கு சமநிலையில் நின்று துடிக்கும். காது கேளாதோருக்கான கருவிகளில் பயன்படும் ஏற்பாடு இது. பாட்டுக் கேட்கும் இத்தகைய சிறு இயர்போன்களுக்குப் பின்னாளில் வந்தது. அமெரிக்காவின் எடிமோடிக் ரிசர்ச் என்னும் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஈ.ஆர்.-4 இவ்வழியில் ஒரு முன்னோடி. என்னிடம் இருந்ததில் காதுக்கு நான்கு நாக்குகள். மூன்றாவது கம்பியில்லாதது. வெளி இரைச்சலை ஒரு நுண்ணிய மைக்கினால் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும்படி செய்வது. வங்காளித் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் 1978-இல் விமானத்தில் பறந்தபோது, அங்கே கொடுத்த ஹெட்போனில் பாட்டைவிட விமானத்தின் இரைச்சலே மேலோங்கியது கண்டு, அப்பயணத்திலேயே இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார் என்பர்.

இனி, ஒலியைப் பற்றிச் சொல்லவேண்டும். எம். டி. ராமநாதனின் கீழ்ச்சுருதிக் குரலில் ஒரு விளம்பகாலப் பாட்டை மூன்றிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். முதலாவதில் அக்குரலின் கனமும், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எழுப்பும் ‘கும்’ என்ற நாதமும், மேடைக்கு அருகில் அமர்ந்தது போல் நெஞ்சில் பட்டன. இரண்டாவதில் அந்தக் கனம் சற்றுக் குறைவு. ஆனால் வயலின் வில் தந்தியைத் தொடும் உரசல், பாடகர் மூச்சு வாங்கும் இடம், தம்புராவின் நான்கு தந்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக விரியும் விதம் ஆகியவை தனித்தனியே பிரிந்து கேட்டன. மூன்றாவது இரண்டிற்கும் இடைப்பட்டது. குறை சொல்ல இயலாது, வியக்கவும் இல்லை. ஆனால் ஒன்று: பழைய வானொலிப் பதிவுகள் ஒற்றை மைக்கில் எடுத்தவையாகையால், எந்த இயர்போனிலும் தலையின் நட்டநடுவிலேயே நிற்கின்றன. எத்தனை ஆயிரம் செலவிட்டாலும், பதிவில் இல்லாத மண்டபத்தை இயர்போன் கட்டித்தராது. நாடாவின் ‘உஸ்’ என்ற ஓசையைத்தான் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும்.

சௌகரியம் என்பது விலையைப் பொறுத்ததன்று, காதைப் பொறுத்தது. என் இடக்காதின் துளை வலக்காதினும் சிறியது என்பதை இத்தனை வயதிற்குப் பிறகு இப்போதுதான் அறிந்தேன்! முனையில் மாட்டும் ரப்பர்க் குமிழ் சரியான அளவாக இல்லாவிட்டால், காற்றுப் புகுந்து கீழ்ச்சுருதி முழுவதும் ஒழுகிப் போய்விடும், மிருதங்கம் கஞ்சிராவாகிவிடும். ஆகவே ‘இதில் கனமே இல்லை’ என்று திருப்பிக் கொடுக்குமுன் குமிழை மாற்றிப் பார்க்கவேண்டும். பஞ்சு போன்ற நுரைக் குமிழ்களும் உண்டு. அவற்றை விரல்களால் உருட்டிச் சுருக்கி, மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அரை நிமிடம் அமர்த்தினால், விரிந்து துளையை நிறைத்துக்கொள்ளும். மும்பையின் வைகாசிப் புழுக்கத்தில் அது வியர்வையோடு சேர்ந்து நச்சென்று இருக்கும். சில மாதங்களுக்கொருமுறை மாற்றவும் வேண்டும். காது இவ்வாறு அடைபட்டிருக்கும்போது பாட்டோடு சேர்ந்து முனகினால், நம் குரலே பானைக்குள் பேசுவது போல் முழங்குகிறது. தாளம் போடலாம், கூடப் பாட இயலாது. கம்பி சட்டையில் உரசினால் அதுவும் காதில் இடிக்கும். மடலுக்கு மேலே சுற்றிப் பின்புறமாக விட்டால் அவ்வுரசல் அடங்கும்.

மூன்றாவது குணம் வெளி ஒலியைத் தடுப்பது. இதற்காகத்தான் நம்மவர் பலரும் பணம் கொடுக்கிறார்கள். எதிர் அலையால் தடுக்கும் வகை, ரயிலின் இடையறாத உறுமலை அற்புதமாக விழுங்குகிறது. ஆனால் பக்கத்து இருக்கையில் நடக்கும் பங்குச்சந்தை விவாதம் ஓரளவு கேட்கவே செய்கிறது. நுரைக் குமிழோ பேச்சையும் கூவலையும் நன்றாகத் தடுக்கிறது. சரியாகப் பொருந்தினால் 25 முதல் 30 டெசிபெல் வரை ஒலி குறையும். இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்திருக்கும் வரம்பு, 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம். ஒலி 3 டெசிபெல் கூடும்தோறும் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. எனக்கோ ரயிலில் மட்டும் வாரத்திற்கு ஏறக்குறைய 16 மணி நேரம். காது திறந்திருந்தால் இரைச்சலை வெல்லப் பாட்டை உரக்க வைப்போம். அடைத்துக் கேட்டால் மெல்லவே வைக்கலாம். ஆகவே செவியைக் காப்பதற்கு நுரைக் குமிழ் கொண்ட இரண்டாவதே சிறந்தது என்று முடிவு செய்து, அதையே வீட்டிலும் பயன்படுத்தத் தொடங்கினேன். அங்கேதான் தவறினேன்.

பங்குனி மாதத்தில் ஓர் இரவு. என் மனைவி ஓர் உறவினர் திருமணத்திற்காக மதுரைக்குச் சென்றிருந்தாள். வீட்டில் நானும், எண்பத்து நான்கு வயதான என் தாயாரும் மட்டும். அம்மா உறங்கிவிட்டாள் என்று எண்ணி, விளக்கைத் தணித்து, குமிழைக் காதில் பொருத்தி, ஒரு நீண்ட ஆலாபனையில் ஆழ்ந்திருந்தேன். திடீரென்று பாட்டு நின்று தொலைபேசி மணி காதுக்குள் ஒலித்தது. பக்கத்து வீட்டு மராட்டிய அம்மையார் பேசினார். “உங்கள் வீட்டு ஆஜி நெடுநேரமாகச் சுவரைத் தட்டுகிறார். போய்ப் பாருங்கள்.”

ஓடினேன். குளியலறைத் தரையில் கால் மடங்கி அமர்ந்திருந்தாள் அம்மா. ஈரத்தில் வழுக்கியிருக்கிறது. முதலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்; பிறகு குவளையால் சுவரைத் தட்டியிருக்கிறாள். சுவருக்கு அப்பால் இருந்தவருக்குக் கேட்டது. இப்பால் பத்தடி தூரத்தில் இருந்த எனக்குக் கேட்கவில்லை. தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டில் வீக்கம் மட்டும். தூக்கிக் கட்டிலில் அமர்த்தியபோது, எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளே சொன்னாள்:

“பாட்டுல இருந்திருப்ப எய்யா. ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல. மிஷினக் கழத்தி வச்சிட்டா எனக்கும் இப்படித்தான இருக்கு.”

அவள் சொன்ன ‘மிஷின்’ கட்டிலருகே சிறு டப்பாவில் கிடந்தது. ஐந்தாண்டுகளாக அவள் காதில் பூணும் கருவி. அதனுள்ளே துடிப்பதும், என் விலையுயர்ந்த இயர்போனுக்குள் துடிப்பதும் ஒரே இனத்து உலோக நாக்குகள். நாங்கள் பேசுவது தன் காதில் விழவேண்டும் என்பதற்காக அவள் அதை மாட்டிக்கொள்கிறாள். ஒருவர் பேசுவதும் என் காதில் விழக்கூடாது என்பதற்காக நான் இதை மாட்டிக்கொண்டிருந்தேன். ரயிலில் அது நியாயம்; அங்கே என்னைக் கூப்பிடுவார் யாரும் இல்லை. தாமிரபரணிக் கரையை விட்டு எனக்காக இந்நகரத்திற்கு வந்து, நான்கு சுவர்களுக்குள் என் குரலை மட்டுமே துணையாகக் கொண்டிருக்கும் ஒருத்தியின் வீட்டில் அது நியாயமா?

மகன் கேட்டபடி சித்திரையில் முடிவைத் தெரிவித்தேன். முதலாவதையும் மூன்றாவதையும் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒலி ஒன்றையே கருதுவோர்க்கு முதலாவதைச் சொல்வேன். கம்பித் தொல்லை வேண்டாதோர்க்கு மூன்றாவதைச் சொல்வேன். நான் வைத்துக்கொண்டது இரண்டாவதையே. ஆயினும் அது அலுவலகப் பையை விட்டு வீட்டில் வெளியே வருவதில்லை. தண்டவாளம் கடக்கும் இடத்திலும் தெருவிலும் எந்த இயர்போனும் ஆகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. குளியலறையில் ஒரு கைப்பிடி அமைத்தாயிற்று. வீட்டில் பாட்டுக்கு ஒரு சிறு ஒலிபெருக்கி வாங்கினேன். அதன் விலை இயர்போனின் விலையில் பத்தில் ஒரு பங்கும் இராது. தம்புராவின் தந்திகள் அதில் பிரிந்து கேட்பதில்லை. ஆனால் அம்மா மிஷினை மாட்டிக்கொண்டு எதிரே அமர்ந்து, “இது நம்மூர்க் கோயில்ல வாசிச்சதுல்லா?” என்று நாதசுரத்தின் நடுவே கேட்கிறாள். நான் பதில் சொல்கிறேன்.

மாலை ரயில் கோபர் நிலையத்தைக் கடந்ததும் குமிழ்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். அடுத்தது டோம்பிவிலி. படியேறிக் கதவைத் திறக்கும்போது, உள்ளேயிருந்து “வந்திட்டியா எய்யா?” என்று வரும் குரல் முதல் அழைப்பிலேயே என் காதில் விழவேண்டும்.