ராத்தாவின் அளவுக் கொப்பியும் நான்கு மென்பொருள்களும்



தையல் தைக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் மிகப் பெறுமதியான பொருள் எது என்று கேட்டால், நம்மில் பலர் தையல் மெஷின் என்றுதான் சொல்வோம். இல்லை, அளவுக் கொப்பி! மெஷின் பழுதானால் திருத்தலாம். முடியாவிட்டால் கடனுக்காவது இன்னொன்று வாங்கலாம். பதினெட்டு வருடங்களாக ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்று கொடுத்த தோள், நெஞ்சு, இடுப்பு, கை நீளம் எல்லாம் எழுதிய கொப்பி போய்விட்டால், அதை எந்தக் கடையில் வாங்குவது?

என் ராத்தா சாய்ந்தமருதில் தைக்கிறார். 2024 நவம்பர் கடைசியில் அம்பாறை மாவட்டத்தை மூழ்கடித்த வெள்ளம் அவருடைய தையலறைக்குள்ளும் புகுந்தது. மூன்று கொப்பிகளில் இரண்டு நனைந்து மை கரைந்து போயின. அலுமாரிக்கு மேலே கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. வெள்ளம் வடிந்த பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "எல்லாத்தையும் போனில படம் எடுத்து வட்ஸ்அப்பில போட்டு வைங்க" என்றார் ஒருவர். இணையத்தில் இலவசமாகக் கணக்கொன்று திறந்து அதில் பதியலாம் என்றாள் மகள். ராத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்:

"இந்தப் புள்ளைகள் அளவத் தந்தது எனக்குத்தான், ஊருக்கில்ல."

எண்ணிப் பாருங்கள். பெண்ணொருத்தியின் உடலளவும், அவளுடைய பெயரும், தொலைபேசி இலக்கமும் ஒரே வரியில் இருக்கின்றன. அது அமானிதம் அல்லவா? நாம் காணாத ஊரில், நாம் அறியாத ஆட்களின் பராமரிப்பில் இருக்கும் கணனியில் அதைக் கொண்டுபோய் வைக்க ராத்தாவுக்கு மனம் வரவில்லை. திருமணத்துக்கு முன்னர் கணனி நிலையமொன்றில் படிப்பித்தவள் என்ற முறையில், அந்த வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் கொப்பி வீட்டுக்குள்ளேயே, ஆனால் தண்ணீருக்கு அஞ்சாமல் இருக்க வேண்டும். ராத்தாவின் கைத்தொலைபேசியில் பெயரைத் தட்டினால் அளவு வர வேண்டும். வீட்டு மதிலைத் தாண்டி அது போகக் கூடாது. இவ்வளவுதான் தேவை. அதற்கு வேண்டியது ஒரு சேர்வர்.

சேர்வர் என்றதும் குளிரூட்டிய பெரிய மண்டபங்களை நினைத்துப் பயந்துவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பரிமாறுபவர் என்பதே பொருள். கல்யாண வீட்டில் சஹன் வைப்பவரை நினைத்துக் கொள்ளுங்கள். இங்கொரு சஹன் என்று குரல் கொடுத்தால் அவர் சமையற்கட்டுக்குப் போகிறார். அங்கே சமைப்பவர் களஞ்சிய அறையிலிருந்து வேண்டியதை எடுத்துச் சமைத்துக் கொடுக்கிறார். இவர் கொண்டுவந்து வைக்கிறார். கணனியிலும் அப்படித்தான். வீடு, லினக்ஸ். பரிமாறுபவர், அப்பாச்சி. களஞ்சியம், மரியா டி.பி. சமைப்பவர், பி.எச்.பி. நான்கும் இலவசம். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்தும் பார்க்கலாம்.

இயந்திரத்துக்கும் அதிகம் செலவில்லை. அலுவலகமொன்று கழித்துவிட்ட பழைய கணனி, நான்கு ஜீ.பி. நினைவகம் உள்ளது. விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்று போனதால் இப்படிப்பட்ட கணனிகள் பல வீடுகளின் மூலைகளில் தூசு பிடித்துக் கிடக்கின்றன. லினக்ஸுக்கு அவை தாராளம். நான் போட்டது டெபியன் என்ற வகை. பென் டிரைவ் ஒன்றில் இறக்கி, அதிலிருந்து கணனியை இயக்கி, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் முடிந்தது. படங்களும் ஜன்னல்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் போதும். சேர்வருக்கு அலங்காரம் எதற்கு?

இந்த மென்பொருள்களின் பிறப்பு வரலாறு நம் போன்ற குடும்பப் பெண்களுக்குப் பிடிக்கக்கூடியது. லினக்ஸின் கருவை 1991 இல் எழுதத் தொடங்கிய லீனஸ் டோர்வால்ட்ஸ், அப்போது பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த 21 வயது மாணவர். டெபியனை 1993 இல் ஆரம்பித்த இயன் மேர்டொக், பின்னர் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். களஞ்சியத்தின் கதை இன்னும் சுவையானது. பின்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் விடேனியஸ் என்பவர் தம் மூத்த மகள் மை என்பவளின் பெயரால் மை எஸ்.கியூ.எல். என்று ஒன்றை உருவாக்கினார். அது கைமாறிப் பெரிய நிறுவனமொன்றிடம் போகும் நிலை வந்தபோது, 2009 இல் அதன் பிரதியிலிருந்து இன்னொன்றைத் தொடங்கி இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். அதுதான் மரியா டி.பி. நாம் கடைக்குப் பிள்ளையின் பெயரை வைப்பதில்லையா, அது போலத்தான்! பி.எச்.பி.யோ, கிரீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லேர்டோர்ஃப் என்பவர் தம்முடைய சுயவிபரப் பக்கத்தை யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிவதற்காக 1994 இல் எழுதிக்கொண்ட சிறு நிரல்களில் இருந்து வளர்ந்தது. இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்தால் விளக்கு என்று பொருள்படும் லாம்ப் என்ற சொல் வரும். 1998 இல் ஜெர்மன் கணனிச் சஞ்சிகை ஒன்றில் வந்த கட்டுரையோடு அந்தப் பெயர் பரவத் தொடங்கியது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஐ நம் கரையோரத்தில் யார் மறப்பார்? முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரை இந்த நாடு இழந்தது. யார் எந்த முகாமில், யாரைத் தேடுகிறார்கள், எங்கே எது தேவை என்பதைப் பதிந்து வைக்க ஓர் ஒழுங்கு இருக்கவில்லை. அப்போது லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனின் முன்னெடுப்பில் நம் நாட்டுத் தொண்டர்கள் இரவு பகலாக உட்கார்ந்து சஹன என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற் போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு எல்லாம் அதில் இருந்தன. அதை எழுதியது பி.எச்.பி.யில், விபரங்களை வைத்தது மை எஸ்.கியூ.எல். களஞ்சியத்தில், பரிமாறியது அப்பாச்சி! எவரும் எடுக்கலாம் என்று அதை விட்டதால் 2005 இல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோதும், 2006 இல் பிலிப்பைன்ஸில் மண் சரிந்தபோதும் அது கைகொடுத்தது. ராத்தாவின் தையலறையில் நான் பூட்டியதும் அதே குடும்பத்துச் சாமான்தான் என்று சொன்னபோது, அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. காணாமற் போனோர் பட்டியலில் தேடும் பெயர் அவருக்கும் இருந்தது.

நிறுவும் வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடுகிறது. டெபியனின் மென்பொருள் கிடங்கிலிருந்து எதை எடுக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதினால் அது தானாக இறக்கிப் பொருத்திக் கொள்ளும். பி.எச்.பி.யும் மரியாவும் ஒன்றோடொன்று பேசுவதற்குச் சிறு இணைப்புப் பொதி ஒன்று தனியாக இருக்கிறது. அதையும் அந்த வரியில் சேர்க்க வேண்டும். பிறகு வீட்டு வைபையில் இருக்கும் கைத்தொலைபேசியில் அந்தக் கணனியின் இலக்கத்தை, எங்கள் வீட்டில் அது 192.168.1.20, தட்டினால் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் வரும். ஆங்கிலத்தில் அதன் பொருள், வேலை செய்கிறது என்பதே. அந்த இலக்கம் நாளுக்கு நாள் மாறாதிருக்க ரவுட்டரில் அதை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும்.

சகோதரிகளே, எல்லோரும் நின்றுவிடும் இடம் இதுதான். வேலை செய்கிறது, அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். வீட்டைக் கட்டிவிட்டுக் கதவு போடாமல் குடிபோவது போன்ற காரியம் இது. எனக்குக் கூடுதலான நாட்கள் போனது கதவுகளுக்குத்தான்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பேரைப் பற்றிக் கேள்வி உண்டு: உரிமையாளர், அவருடைய குழு, மற்ற எல்லோரும். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று புள்ளி. ஒருவருக்கு 6 என்றால் வாசிக்கவும் எழுதவும் முடியும். ஏதாவது வேலை செய்யாவிட்டால் 777 என்று போடுங்கள் என அவசர வைத்தியம் சொல்வோர் ஏராளம். மூன்று பேருக்கும் மூன்று உரிமையும் என்பது அதன் பொருள். வாசல், ஜன்னல், கொல்லைப்புறம் எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கும். எங்கள் கோப்புகளுக்கு 640. எனக்கு வாசிக்கவும் எழுதவும், அப்பாச்சி இயங்கும் குழுவுக்கு வாசிக்க மட்டும், மற்றவர்களுக்குப் பூச்சியம்.

களஞ்சியத்துக்குத் தலைமைச் சாவி ஒன்று உண்டு. அதைப் பி.எச்.பி.யின் கையில் கொடுக்கவே கூடாது. அளவுகள் உள்ள தரவுத்தளத்தை மட்டும் தொடக்கூடிய தனிப் பயனர் ஒருவரை உண்டாக்கி, அந்தப் பெயரையே கொடுத்தேன். அந்தக் கடவுச்சொல் எழுதிய கோப்பு, அப்பாச்சி பரிமாறும் உறைக்கு வெளியே இருக்கிறது. காரணமில்லாமல் அல்ல. பி.எச்.பி. எப்போதாவது இயங்காமல் போனால், அப்பாச்சி சமைக்காத அரிசியையே கொண்டுவந்து வைப்பது போல நிரலை அப்படியே திரையில் காட்டிவிடக் கூடும். அதற்குள் கடவுச்சொல்லும் இருந்தால்? பரீட்சித்துப் பார்ப்பதற்காக எழுதும் தகவல் பக்கத்தையும் பார்த்த கையோடு அழித்துவிட வேண்டும். வீட்டின் முழு வரைபடமும் அதில் இருக்கும்.

ரவுட்டரில் வெளியிலிருந்து வரும் வழி எதையும் நான் திறக்கவில்லை. வெளியூரில் இருந்தும் பார்க்க முடிந்தால் வசதிதானே என்று மச்சான் கேட்டார். யாருக்கு வசதி? தைப்பது வீட்டில், அளவு தேவைப்படுவதும் வீட்டில். ராத்தாவின் கைத்தொலைபேசி தவிர, வருகிற போகிற பிள்ளைகள் எல்லாம் விருந்தினர் வைபையில்தான். டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தாமாக இறங்கும்படி விட்டிருக்கிறேன்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்களைத் தமிழிலேயே பதிகிறோம். யுனிகோட்டின் வழக்கமான சேமிப்பு முறையில் அ என்ற ஓரெழுத்துக்கு மூன்று பைட் இடம் வேண்டும். பழைய மை எஸ்.கியூ.எல். சுவீடன் நாட்டில் வளர்ந்ததால் அந்நாட்டு எழுத்து வரிசையையே இயல்பாகக் கொண்டிருந்தது. தமிழில் எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறிகளாய்த் திரும்பி வரும். இப்போது டெபியன் தரும் மரியாவில் அந்தத் தொல்லை இல்லை. என்றாலும் ஃபாத்திமா என்று முதலில் ஒரு பெயரை எழுதி, அது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதைப் பதியத் தொடங்கினோம். தப்பிய கொப்பியில் இருந்து ராத்தாவே ஒரு விரலால் தட்டித் தட்டி நோன்புப் பெருநாளுக்கு முன் முந்நூற்றுச் சொச்சம் பேரைப் பதிந்து முடித்தார். நனைந்து போனவர்களுக்கு மறுபடி அளவு எடுக்க வேண்டி வந்தது. "உடம்பு வெச்சிட்டன், நல்லதாப் போச்சு" என்று சிரித்தவர்களும் உண்டு.

கணனியைத் தரையிலிருந்து எடுத்து உயரத் தட்டில் வைத்திருக்கிறோம். இடி முழங்கும் பின்னேரங்களில் கணனியின் பிளக்கையும் ரவுட்டரின் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். அதற்கு முன் கணனியை முறையாக நிறுத்த வேண்டும். ராத்தாவின் தொலைபேசிப் பக்கத்திலேயே அதற்கொரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும். கரண்ட் போனால் நிறுத்த அது போதும்.

ஒவ்வொரு வியாழன் இரவும் களஞ்சியத்தின் முழுப் பிரதியும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டுப் பென் டிரைவ் ஒன்றில் விழுகிறது. மறுநாள் அதைக் கழற்றி, அடுத்த தெருவில் இருக்கும் உம்மாவின் வீட்டு மாடி அலுமாரியில் வைத்துவிட்டு அங்கிருக்கும் மற்றதைக் கொண்டு வருகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதியிலிருந்து உண்மையில் அளவுகளை மீட்க முடிகிறதா என்று என் மடிக்கணனியில் போட்டுப் பார்க்கிறேன்.

அண்மையில் ஒரு சகோதரி வந்தார். வேறு ஊருக்குக் குடிபோகிறாராம். "என்ட அளவு, நம்பர் எல்லாத்தையும் அழிச்சிடுங்க தாத்தா" என்று ராத்தாவிடம் கேட்டார். கொப்பியென்றால் பேனையால் ஒரு கீறல். ராத்தா அவர் முன்னிலையிலேயே பெயரை எடுத்து அழித்துக் காட்டினார். ஆனால் பென் டிரைவ்களில் பழைய பிரதிகள் இருக்கின்றன அல்லவா? நான்கு வாரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் அழிக்கப்படும்படி செய்திருந்தேன். பென் டிரைவ்கள் மாறி மாறிப் போடப்படுவதால் அதற்கு இன்னுமொரு வாரம் கூடும். ஆகவே ஐந்து வாரத்தில் எங்கும் இராது என்று சொன்னேன். அவர் திகதியைக் கேட்டுத் தம் தொலைபேசியில் குறித்துக் கொண்டு போனார்.