முழங்காற் சில்லு

மனித சரீரத்தில் கவிகளுடைய கடாட்சம் மிகக் குறைவாகப் பெற்ற அங்கம் எது என்று என்னைக் கேட்டால், முழங்கால் என்றுதான் சொல்வேன். கண்ணுக்கு மீன் இருக்கிறது. முகத்துக்குச் சந்திரன் இருக்கிறான். பாதத்துக்குத் தாமரை இருக்கிறது. முழந்தாளுக்கு நண்டை உவமை சொல்லும் மரபு ஒன்று உண்டு. ஆனால் அதை யாரும் ஒரு பெரிய கௌரவமாகக் கருதுவதற்கில்லை. அந்த முழங்காலின் முன்னே மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் சிறிய எலும்பின் கதியோ இன்னும் பரிதாபம். அதற்கு நண்டுகூடக் கிடையாது.

கவிகளைக் குறை கூறுவானேன்? நான் இருபது வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடம் நடத்தி வருகிறவன். எலும்புக்கூட்டின் படத்தைச் சுவரில் மாட்டி, "இது தொடையெலும்பு, இது கீழ்க்காலின் பெரிய எலும்பு" என்று குச்சியால் தொட்டுக் காட்டிக்கொண்டே இறங்குவேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முழங்காற் சில்லை என் குச்சி ஒரு வினாடிகூட நின்று விசாரித்ததில்லை. அந்த அலட்சியத்துக்கு அது 2023-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில் என்னைப் பழி தீர்த்துக்கொண்டது.

அன்று நல்ல மழை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுக்களை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிப்படியில் இறங்கினேன். கடைசிப் படிக்கு முந்திய படியில் கால் வழுக்கிற்று. நோட்டுக்களைக் காப்பாற்றினேன், முழங்காலைக் காப்பாற்றவில்லை. படியின் விளிம்பில் இடது முழங்கால் போய் மோதியபோது, காய்ந்த சுள்ளி முறிவது போன்ற ஒரு சத்தம் கேட்டது. வலியைக் காட்டிலும் என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. உட்கார்ந்தபடியே காலை நீட்டப் பார்த்தேன். "நீட்டு" என்று மூளை உத்தரவு போட்டது. கால் அந்த உத்தரவைச் சட்டை செய்யவேயில்லை. கிடந்த இடத்தில் கிடந்தது. முழங்காலைத் தடவிப் பார்த்தேன். மேடாக இருக்கவேண்டிய இடத்தில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கிற்று.

எக்ஸ்ரே படத்தில் சில்லு குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. கீழ்த்துண்டு தன் இடத்தில் இருக்க, மேல்துண்டைத் தொடைத் தசை மேலே இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதைப் பார்த்தவுடன் என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "இதை எடுத்து எறிந்துவிடுவீர்களோ, டாக்டர்?" என்பதுதான். அவர் புருவத்தை உயர்த்தினார். "யார் அப்படிச் சொன்னார்கள்?" என்றார். "யாரும் சொல்லவில்லை. என் தகப்பனாருக்கு அப்படிச் செய்தார்கள்" என்றேன்.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், சில்லைப் பற்றிய சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் காலை நீட்டிப் படுத்திருந்த மனிதனுக்கு வேறு என்ன வேலை? அந்த விஷயமாகக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன்.

தொடையின் முன்புறத்தில் நான்கு தசைகள் இருக்கின்றன. நான்கும் கீழே வந்து ஒரே தசைநாணாகச் சேர்ந்து, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்காலெலும்பில் பற்றிக்கொள்கின்றன. அந்த நாணுக்குள்ளேயே பதிந்திருக்கிறது நம்முடைய சில்லு. தசைநாணுக்குள் உண்டாகும் இம்மாதிரிச் சிறு எலும்புகளுக்கு மேனாட்டு வைத்தியர்கள் எள்ளின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த ஜாதியில் உடம்பிலேயே பெரியது இதுதான். இதை எள் என்பதைவிட எள்ளுருண்டை என்று சொல்லியிருந்தால் பொருத்தமாயிருக்கும்! லத்தீன் பாஷையில் இதன் பெயருக்குச் சிறு தட்டு என்று அர்த்தம். நம்மவர்கள் சில்லு என்றார்கள். பாண்டி விளையாடும் பெண் குழந்தைகள் கட்டத்தில் எறிகிற ஓட்டுச் சில்லை ஞாபகப்படுத்திக்கொண்டால், இதன் அளவும் உருவமும் ஏறக்குறைய விளங்கிவிடும். அகன்ற பக்கம் மேலே, கூரான பக்கம் கீழே.

நேயர்கள் இப்போதே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். தரையில் உட்கார்ந்து காலை நீட்டித் தொடையைத் தளர விடுங்கள். சில்லை இரண்டு விரல்களால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தால் தாராளமாக அசையும். இப்போது தொடையை இறுக்குங்கள். ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். காலை மடக்கும்போது தொடையெலும்பின் அடிமுனையில் இருக்கும் ஒரு பள்ளத்தின் வழியே அது ஏறக்குறைய மூன்று அங்குலம் பிரயாணம் செய்கிறது. பிரயாணம் வழவழப்பாக இருப்பதற்காகச் சில்லின் பின்புறத்தில் குருத்தெலும்பு பூசப்பட்டிருக்கிறது. மனித உடம்பில் வேறெங்கும் இவ்வளவு தடித்த குருத்தெலும்பு கிடையாது. அந்தப் பின்புறத்தில் இரண்டு சரிவுகள் உண்டு. வெளிப்பக்கத்துச் சரிவு அகலமானது. ஆகையால் தனிச் சில்லு ஒன்றைக் கூர்முனை அப்பால் இருக்குமாறு மேஜைமேல் மல்லாத்தாமல் வைத்தால், அது எந்தக் காலுக்கு உரியதோ அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடும். வைத்தியக் கல்லூரி மாணவர்கள் பரீட்சையில் தப்பிப் பிழைப்பதற்கு இந்த உபாயம் வெகுவாக உதவுகிறது.

பிறந்த குழந்தைக்கு முழங்காற் சில்லே கிடையாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. சில்லு இருக்கிறது, குருத்தாக இருக்கிறது. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் அது எலும்பாக மாறத் தொடங்குகிறது. தவழ்கிற பருவத்தில் கெட்டி எலும்பு இல்லாமலிருப்பது ஒரு சௌகரியந்தான். தீக்கோழிக்கோ ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு சில்லுகள்! நமக்கு ஒன்றை வைத்துக்கொண்டே இத்தனை தொல்லை.

சரி, இந்த எலும்பினால் என்ன பிரயோஜனம்? முழங்காலுக்குக் கேடயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேடயமாக இருப்பது உண்மையே. ஆனால் அது உபதொழில். பிரதான தொழில் வேறு. கதவைத் திறக்கும்போது கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள். பிறகு கைப்பிடிப் பக்கம் தள்ளிப் பாருங்கள். கீலை விட்டு எவ்வளவு தூரம் விலகுகிறோமோ அவ்வளவு சுலபமாகக் கதவு திறக்கும். முழங்கால்தான் கீல். காலை நீட்டுகிற கயிறு, தொடைத் தசையின் நாண். அந்தக் கயிறு கீலை ஒட்டியே சென்றால் இழுப்பதற்கு அபார பலம் வேண்டும். சில்லு நடுவில் நின்று நாணை முன்னே தள்ளிக் கீலிலிருந்து விலக்கி வைக்கிறது. அதே தசை, அதே இழுப்பு. பலன் மட்டும் அதிகம்.

பள்ளிக்கூடம் திரும்பியதும் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினேன். இரண்டு மர அடிக்கோல்களைத் துணிப் பட்டையால் கீல்போல் ஒட்டினேன். ஒன்றின் மேல் ஒரு நூலை ஓடவிட்டு, மூட்டைத் தாண்டி மற்றதில் கட்டினேன். மூட்டை மடக்கி வைத்து நூலை இழுத்தால், கீழ்க்கோல் நிமிர வெகு நேரம் அடம் பிடிக்கிறது. நூலுக்கும் மூட்டுக்கும் நடுவில் ஒரு கொட்டைப்பாக்கை நிறுத்திப் பிடித்து இழுத்தால் சட்டென்று நிமிர்கிறது. பாக்கை எடுத்தவுடன் கோல் மறுபடி முரண்டு பண்ணியதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இனி என் தகப்பனாரின் கதை.

1982-ம் வருஷத்தில் எனக்கு மூன்று வயது. அப்பா ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி வந்தார். ஒரு நாள் இரவு கடையிலிருந்து சைக்கிளில் வரும்போது மதகுச் சுவரில் மோதி விழுந்தார். வலது முழங்காற் சில்லு பல துண்டுகளாக நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் துண்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு, தசைநாணை இழுத்துத் தைத்து அனுப்பினார்கள். "அது அவசியமான எலும்பு அல்ல, இல்லாமலே நடக்கலாம்" என்று சொன்னார்களாம். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் கடைக்குப் போக ஆரம்பித்தார். சமதரையில் அவர் நடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

1990-ம் வருஷம் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்குப் போனோம். மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் எல்லோருமாகப் பெரிய கூட்டம். உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு நாங்கள் பிள்ளைகள் ஓட்டமாக இறங்கிக் கீழே வந்து நின்றோம். பெரியவர்கள் வந்தார்கள். அப்பாவை மட்டும் காணோம். அரை மணி நேரம் கழித்துப் படி வளைவில் தெரிந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, வலது காலைக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் இடது காலைக் கொண்டு வந்து சேர்த்து, மறுபடி வலது காலை வைத்து, கைக்குழந்தை இறங்குவதுபோல் இறங்கி வந்துகொண்டிருந்தார். "மாப்பிள்ளை ஊர்வலம் மெள்ளத்தான் வரும்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கீழேயிருந்து உரக்கக் கூப்பிட்டேன்: "ஏம்ப்பா, உங்களால் முடியாதென்றால் கீழேயே இருந்திருக்கக் கூடாதா?"

அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மலைக்கோட்டைக்குப் போயிருக்கிறோம். ஒரு தடவையாவது அவர் மேலே வந்ததில்லை. "நான் அடிவாரத்தில் மாணிக்க விநாயகருக்குத் துணையாக இருக்கிறேன். உங்கள் செருப்புக்கும் ஒரு காவல் வேண்டாமா?" என்பார். அவருக்குப் படியைக் கண்டால் பயம் என்று குடும்பத்தில் ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது. அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஆறு வாரப் படிப்பில் எனக்குக் கிடைத்த விவரம் இது. 1937-ம் ஆண்டில் ரால்ஃப் புரூக் என்னும் ஆங்கில ரணசிகிச்சை நிபுணர், முழங்காற் சில்லு உபயோகமற்றது, எடுத்துவிட்டால் முழங்கால் முன்னைவிட நன்றாகவே வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். உடைந்த சில்லுகளை எடுத்துவிடும் வழக்கத்துக்கு அதனால் நல்ல செல்வாக்கு உண்டாயிற்று. 1945-ல் ஹாக்ஸ்டன் என்பவர் அளந்து பார்த்து, சில்லு காலை நீட்டும் பலத்தைப் பெருக்குகிறது என்று காட்டினார். 1971-ல் ஹெர்பர்ட் காஃபர் என்ற அமெரிக்க டாக்டர் அதைக் கணக்காகவே நிரூபித்தார். சில்லை எடுத்துவிட்டால், நீட்டும் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துபோகலாம். கால் முழுவதும் நிமிர்கிற அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் குறை அதிகமாகத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து அப்பா காலை நீட்டும்போது, கடைசியில் ஒரு சிறு வளைவு நிமிராமலே நிற்பதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! நொறுங்கியதைச் சேர்க்க அன்று வழியில்லாமலும் இருந்திருக்கலாம். எடுத்தவர்களிடம் எனக்கு வருத்தமில்லை. அவசியமான எலும்பு அல்ல என்று சொன்னார்களே, அதுதான் உறுத்துகிறது. இழந்தது இன்னது என்று தெரிந்திருந்தால், அப்பா தம்மைத் தாமே கோழை என்று நினைத்திருக்க மாட்டார்.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். சமதரையில் நடக்கும்போது சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே அழுத்தும் பாரம், உடம்பின் எடையில் ஏறக்குறையப் பாதி. படிகளில் மூன்று மடங்குக்கு மேல். நன்றாகக் குந்தி எழுந்தால் ஏழு மடங்கு. படியில் இறங்குகிறவன், தொடைத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்து, தன் முழு எடையையும் ஒற்றைக் காலில் கீழே இறக்குகிறான். சில்லில்லாத காலுக்கு அந்த வேலை எப்படி இருக்கும்? அப்பா வலது காலை முதலில் கீழே வைத்தது அதனால்தான். மேற்படியில் நின்று உடம்பைத் தாங்கி இறக்கியது அவருடைய நல்ல கால். யாரும் சொல்லிக் கொடுக்காமல் தாமே கண்டுபிடித்த யுக்தி.

என் சில்லை எடுக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் சேர்த்து, இரண்டு கம்பிகளைச் செருகி, முன்புறத்தில் மெல்லிய கம்பியை எட்டுப் போட்டாற்போல் முறுக்கிக் கட்டினார் டாக்டர். முழங்காலை மடக்கும்போது துண்டுகளைப் பிரிக்கப் பார்க்கிற அதே இழுப்பு, அந்தக் கட்டினால் பின்புறத்தில் அவற்றை ஒன்றோடொன்று அமுக்குகிற சக்தியாக மாறிவிடுகிறதாம். எதிரியின் பலத்தைக் கொண்டே எதிரியை மடக்குகிற இந்தத் தந்திரத்தைக் கேட்டு அசந்துபோனேன். ஆனாலும் கம்பி கட்டியவுடன் எழுந்து ஓடிவிட முடியாது. சூம்பிப் போன தொடையைத் தேற்ற, முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அமுக்கி அமுக்கி எண்ண வேண்டும். என் மனைவி எண்ணிக்கையில் கண்டிப்பானவள். ஐம்பது என்றால் நாற்பத்தெட்டில் விடமாட்டாள்.

2024-ம் வருஷம் தை மாதத்தில் குடும்பத்தோடு மலைக்கோட்டைக்குப் போனோம். குழந்தைகளும் என் மனைவியும் மேலே ஏறினார்கள். படிகளுக்கு டாக்டர் இன்னும் உத்தரவு தரவில்லை. நான் அப்பாவோடு அடிவாரத்தில் உட்கார்ந்தேன். "நீயும் செருப்புக் கட்சியில் சேர்ந்துவிட்டாயா?" என்றார். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. நான் கீல், கயிறு, கொட்டைப்பாக்கு எல்லாவற்றையும் அவருக்கு விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். வாத்தியார் உத்தியோகத்தில் இருக்கிறவனுக்கு மன்னிப்புக் கேட்பதைவிடப் பாடம் நடத்துவது சுலபம். முடிவில் எப்படியோ 1990-ம் வருஷத்தையும் சொல்லி, "அன்றைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, அப்பா" என்றேன்.

"அதெல்லாம் யாருக்கடா ஞாபகம் இருக்கிறது?" என்றார். கொஞ்ச நேரம் எதிரே போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டேதான் இறங்கினேன். எண்ணினால் வலி தெரியாது. நீ கூப்பிட்டாயல்லவா, அப்போதுதான் எண்ணிக்கை தப்பிவிட்டது" என்றார்.