214 கோடியில் முட்டி நிற்கும் ஒரு நம்பர்!

2147483647.

பார்த்ததும் யாருடைய மொபைல் நம்பரோ என்று தோன்றும். சரியாகப் பத்து இலக்கம். வாய்விட்டுப் படித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கும் எனக்கு, தினமும் வ்யூஸ் கணக்குப் பார்ப்பதுதான் பிழைப்பு. இந்த எண் அறிமுகமானதும் அப்படித்தான். 'கங்னம் ஸ்டைல்' பாட்டு ஞாபகம் இருக்கிறதா? 2014 டிசம்பரில் அதன் வ்யூஸ் இந்த எண்ணைத் தாண்ட, அதற்காகவே கவுன்ட்டரைப் பெரிதாக்கியதாக யூடியூப் சொன்னது.

பழைய கவுன்ட்டரை 32 ஸ்விட்ச் உள்ள போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ்ஸா மைனஸா என்று சொல்ல ஒரு ஸ்விட்ச். மீதி 31-ஐயும் ஆன் செய்தால் கிடைப்பது இந்த எண். அதற்கு மேல் எண்ண இடமில்லை.

செஸ் போர்டில் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று வைக்கும் கதை தெரியும்தானே? 31 கட்டம் முடிந்ததும் மொத்த நெல்மணிகள் இதே எண்ணிக்கைதான். பாதி போர்டுகூடத் தாண்டியிருக்காது!

இன்னொரு விசேஷம், இது பகா எண். அதை நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். 1772 வாக்கில், பார்வை ஏறக்குறைய முழுதாகப் போய்விட்ட நிலையில்! சும்மா வகுத்துப் பார்க்க நினைத்தால் 46,340 வரை போக வேண்டும். ஆனால், இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரும். இந்தச் சல்லடையால், நானூறுக்கும் குறைவான வகுத்தல்களில் வேலை முடிந்துவிடும்.

6-ன் வகுஎண்களான 1, 2, 3-ஐக் கூட்டினால் 6 வரும். இப்படிப்பட்ட எண்களுக்கு நிறைவெண் என்று பெயர். நம் எண்ணிலிருந்தும் 19 இலக்கத்தில் ஒரு நிறைவெண் பிறக்கிறது. 'இவையெல்லாம் வேடிக்கைதான், உபயோகமில்லை. அதனால் இதைவிடப் பெரியதை யாரும் தேடப்போவதில்லை' என்கிற பொருளில் 1811-ல் எழுதினார் பீட்டர் பார்லோ. ஆனால் தேடினார்கள். 1876-லேயே 39 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டுபிடித்தார் லூகாஸ். இன்று இணையத்தில் நம் ரகசியங்களைக் காக்கும் பல பூட்டுகளுக்குள் இருப்பது, அதைவிடவும் பெரிய பகா எண்கள்!

"இதைப் படிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று எங்கள் மீட்டிங்கிலும் கேட்டார்கள். எனக்கு இருக்கிறது.

பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணித்தான் தேதி சொல்கின்றன. பழைய 32 பிட் கணக்கில் ஓடுபவை, 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு இந்த எண்ணைத் தொடும். மாற்றியமைக்காமல் விட்டால், அடுத்த நொடி 1901-க்குத் தாவிவிடலாம். பெரும்பாலான சிஸ்டம்கள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன என்பது ஆறுதல்.

வீட்டில் இதைச் சொன்னேன். "நம்ம வீட்டு லோனும் 2038-லதானம்மா முடியுது?" என்றார் அப்பா. "1901-க்குப் போயிட்டா, லோனே வாங்கலனு ஆயிடும்ல!" என்று சிரித்தார் அம்மா.

அப்பா அதற்கு முன்பே ரிட்டயர் ஆகிவிடுவார். கடைசித் தவணைகள் என் சம்பளத்தில்தான். அந்தக் காலை 8:44-க்கு, வங்கி ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன்.