உடுவிலில் இருந்து கப்பலேறிய பிள்ளைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் மினிபஸ்ஸில் போனால் கொக்குவில், கோண்டாவில், இணுவில் தாண்டி மருதனார்மடம் வரும். அங்கிருந்து உடுவில் மகளிர் கல்லூரி கிட்டத்தான். பக்கத்து வீட்டு அக்காவின் பேத்தி அங்கே படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்குத் தாயால் வரமுடியவில்லை. அம்மம்மா போக வேண்டியதாயிற்று. துணைக்கு நானும் போனேன்.

பெண் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கென 1824 ஆம் ஆண்டில் இந்தப் பாடசாலையைத் தொடங்கியவர் ஹரியற் வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பெண்மணி. 1862 இல் வெளிவந்த பெரிய தமிழ் ஆங்கில அகராதியைத் தந்த வின்ஸ்லோ பாதிரியாரின் மனைவி. பாதிரியாரின் பெயர் அகராதியால் நிலைத்துவிட்டது. மனைவியின் பெயரை உடுவில் பழைய மாணவிகளைத் தவிர எத்தனை பேர் அறிவர்?

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று பல ஊர்களில் குடியிருந்தார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். ஆண்கள் சாப்பிட்டு எழும்பிய பின் பெண்கள் சாப்பிட்டு வந்த எங்கள் வீடுகளுக்கு அது புதினம். எழுத்தும் வாசிப்பும் தாயே சொல்லிக் கொடுப்பார். பிள்ளை தன் காலில் நிற்கப் பழக வேண்டும் என்பது அவர்கள் கூடவே கொண்டுவந்த எண்ணம். ஆனால் இங்கே ஆயாவும் வேலையாட்களும் இருந்தார்கள். பிள்ளைகள் அவர்களோடு தமிழில் கதைத்து, அவர்கள் கையால் எல்லாம் செய்வித்து வளர்ந்தார்கள். இப்படியே விட்டால் பிள்ளை எதற்கும் உதவாமற் போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். படிப்பிக்க மேல் வகுப்புகளும் இல்லை. ஆகவே பத்து வயது மட்டில் கப்பலேற்றினார்கள்.

அப்போது சுயெஸ் கால்வாய் இல்லை. ஆபிரிக்காவைச் சுற்றிப் போக நாலைந்து மாதம் செல்லும்.

ஹரியற்றின் மகன் சார்ள்ஸ் 1821 இல் இங்கே பிறந்தவன். அவனையும் அனுப்பினார்கள். 1832 மே மாதம் நியூயோர்க்கில் அவன் இறந்துபோனான். வயது 11. அடுத்த ஆண்டு ஜனவரியில் தாயும் உடுவிலில் கண்ணை மூடினார். அவருடைய விடுதி நிறைய ஊரார் பெற்ற பெண்கள் இருந்தார்கள். தான் பெற்ற மூத்தவன் இருக்கவில்லை.

1822 இல் பண்டத்தரிப்பில் பிறந்த ஹென்றி ஸ்கடரும் இப்படிச் சிறுவயதில் அனுப்பப்பட்டவர்தான். பின்னாளில் அவர் சிக்காக்கோவில் போதகராக இருந்தபோது, இந்தியாவில் ஊழியம் செய்த தம்பியின் மகள் ஐடா அவர் வீட்டில் விடப்பட்டாள். 1918 இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பாடசாலை தொடங்கிய டொக்டர் ஐடா ஸ்கடர் அவர்தான். தாய் புறப்பட்ட நாளில் அந்தப் பிள்ளை அழுத அழுகை அவரது வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. பிள்ளைகள் பெரிய ஆட்களாக வந்தார்கள், உண்மை. கப்பலேற்றியதால்தான் வந்தார்கள் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இதையெல்லாம் கல்லூரி மதிலோரம் வேப்பமர நிழலில் நின்று அக்காவுக்குச் சொன்னேன். ஹரியற்றின் மகளின் பேரன் ஜோன் பொஸ்ரர் டலஸ் 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் வெளிவிவகாரச் செயலாளராக இருந்தார், வாஷிங்டன் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான் என்றதும் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கைதானே பிள்ளை நான் போய் இறங்கினது!"

அக்காவின் மகன் இப்போது வேர்ஜீனியாவில். 1999 இல், பதினைந்து வயதில், காணியை ஈடுவைத்து ஏஜென்சி மூலம் அனுப்பிய பிள்ளை. 2017 இல் அவனிடம் போய் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தார்.

"பேரனுக்கு அப்ப எட்டு வயது. காலமை எழும்பித் தன்ரை கட்டிலைத் தானே விரிக்குது. பாலும் சீரியலும் தானே எடுத்துச் சாப்பிட்டுட்டு, கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவுற மிஷினுக்குள்ளை வைக்குது. யாருக்கு என்ன வேலை எண்டு பிரிட்ஜிலை எழுதி ஒட்டியிருக்கு, தகப்பனுக்கும் சேர்த்து. நான் கோப்பையை வாங்கப்போனால், 'வேண்டாம் அப்பம்மா, இது என்ரை வேலை' எண்டு சொல்லுது. முதல் எனக்குக் கோபம். பச்சைப் பிள்ளையை வேலை வாங்கினம் எண்டு மகனோடை சண்டையும் பிடிச்சன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"அம்மா, எனக்கு இது தெரியாமல்தானே நான் அங்கை போய் நிண்டனான் எண்டான்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இஞ்சை இருக்கேக்கை அவன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவினதில்லை. நான் விட்டதுமில்லை. மகள் தண்ணி அள்ளினாள், சமைச்சாள், இடம்பெயரேக்கை மூட்டையும் தூக்கினாள். அவனுக்கு ஒண்டும் பழக்காமல் ஒரேயடியா உலகத்துக்கு அனுப்பினன்."

எங்களில் எத்தனை பேர் இப்படி? தகப்பனில்லாத வீட்டில் ஆண் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்தோம். பிறகு உயிர் தப்பினால் போதும் என்று அனுப்பினோம். அது குற்றமில்லை. ஆனால் தாயின் கண்முன் ஒரு கோப்பையைக் கழுவிப் பழகுவதும், தாயைப் பிரிந்து அந்நிய அறையில் சோறு காய்ச்சிப் பழகுவதும் ஒன்றல்லவே.

"அந்தப் பெடியன் செத்தது தாய்க்கு எப்ப தெரிஞ்சிருக்கும்?" என்று அக்கா திடீரெனக் கேட்டார்.

கடிதமும் கப்பலில்தான் வரவேண்டும், மாதக்கணக்காகியிருக்கும் என்றேன்.

"எனக்கு ஏழு மாதம். ஏழாவது மாதம்தான் போன் வந்தது."

மணி அடித்தது. பேத்தி கனமான புத்தகப் பையுடன் வாசலுக்கு வந்தாள். அக்கா அதை வாங்கக் கையை நீட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகுது என்று முன்னே நடந்தார்.