மைலோ டின்னில் ரசீதுகள்

மைலோ டின்னின் மூடி இறுகிக் கிடக்கிறது. பாட்டி கரண்டிக் காம்பால் நெம்பித் திறக்கிறார். உள்ளே ரப்பர் வளையம் போட்ட காகிதக் கட்டு. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் பரப்புகிறார். எல்லாம் மை மங்கிய மலாய் எழுத்து. அவருக்கு வாசிக்கத் தெரியாது. காகிதத்தின் நிறத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிறார்.

"இது ஒங்க தாத்தா கட்டுனது. இது ஒங்கப்பன் பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தது."

பேரன் வாய் திறக்கவில்லை. சரிவில் மழைக்கொட்டகையின் இரும்புக் குழாய்கள் வளைந்து கிடக்கின்றன. கிழிந்த பிளாஸ்டிக்கின் அடியில், பழுக்க ஒரு வாரமே இருந்த தக்காளி மண்ணோடு மண்ணாக. சொட்டுநீர்க் குழாயை மட்டும் உருவிச் சுருட்டி வைத்திருக்கிறான்.

ஆண்டு 2021. முந்தின ஆண்டுதான் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் சந்தை முடங்கி, மலேசியாவின் கேமரன் மலை விவசாயிகள் விளைந்த காய்கறியைக் கொட்டினார்கள். அந்த நட்டம் ஆறுவதற்குள் அதே மலையின் கோலா தெர்லாவில் மண்வாரி இயந்திரங்கள் ஏறிவிட்டன. அரசு நிலத்தில் அத்துமீறல், ஆறு மாசுபடுகிறது என்றது அரசுத் தரப்பு. ஆறு கலங்குவது பொய்யில்லை. ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது வினைதான். அதற்காகக் கரையிலிருந்து தள்ளிப் பயிரிடச் சொல்லலாம், மாற்று நிலம் காட்டலாம். காய்ப்புக்கு வந்த செடியை நசுக்குவதா வழி?

இந்த ரசீதுகளுக்கு ஈடாக இவர்கள் கையில் இருந்ததெல்லாம் டிஓஎல் என்னும் தற்காலிக நில உரிமம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அதன் ஆயுள் டிசம்பர் 31 வரைதான். பிள்ளைக்கு மாற்றித் தர முடியாது. வாங்கியவர் கண் மூடினால் உரிமமும் போயிற்று. தேயிலைத் தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்று பயந்துதான் பாட்டியின் வீட்டுக்காரர் இந்தச் சரிவைத் திருத்தினார். அங்கே நிரந்தரமில்லை என்று வந்தவருக்கு இங்கே கிடைத்தது வருஷத்துக்கு வருஷம் கெடு வைத்த காகிதம்.

"பெரியவங்க யாருகிட்டயாச்சும் இதக் காட்டேன்யா."

"காட்டியாச்சு பாட்டி. கோர்ட்டு வரைக்கும் போயாச்சு."

"இன்னொரு வாட்டி காட்டு. காசு வாங்குறப்ப நம்மள ஆளுன்னு தெரிஞ்சுதுல்ல அவங்களுக்கு?"